உச்சியில் தண்ணீர் யார் கொடுப்பது?

பாலக்காடு, கோவை வழியாகப் பொன்னானிக்குப் படகு விடலாம் என்று ஒருவர் சொன்னார். டீக்கடைப் பேச்சு இல்லை. 1878-ல் லண்டனில் நாடாளுமன்றக் குழுவின் முன் உட்கார்ந்து சர் ஆர்தர் காட்டன் சொன்னது. முக்கொம்பு மேலணையும் கோதாவரி தவளேஸ்வரம் அணையும் கட்டிய அதே காட்டன்தான். கங்கையில் ஏறிச் சிந்துவில் இறங்கி, கல்கத்தாவிலிருந்து கராச்சிக்கு ஒரு வழி. காக்கிநாடாவிலிருந்து கோதாவரி, தபதி வழியாகச் சூரத்துக்கு ஒரு வழி. துங்கபத்திரையில் ஏறிக் கார்வாருக்கு ஒரு வழி. பட்டியலின் கடைசியில் நம் ஊர் வழி. இத்தனைக்கும் அப்போது பாலக்காட்டுக் கணவாயில் ரயில் ஓட ஆரம்பித்துப் பதினாறு வருஷம் ஆகியிருந்தது. அவருக்கு அது தெரியாததல்ல. சரக்குக்குத் தண்ணீர்தான் மலிவு என்பது அவருடைய கட்சி.

அந்தக் கால்வாய் வெட்டப்படவில்லை. வெட்டியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று கணக்குப் போட்டுப் பார்க்கலாம். மலைமேல் படகு ஏற்ற உலகம் முழுக்க முன்னூறு நானூறு வருஷமாக என்னென்ன செய்தார்கள், எது நின்றது, எது கவிழ்ந்தது என்பதெல்லாம் அந்த ஒரு கணக்குக்குள்ளேயே வந்துவிடும்.

கோவை கடல் மட்டத்திலிருந்து சுமார் 410 மீட்டர். கணக்குக்கு 400 என்று வைத்துக்கொள்வோம். பொன்னானி கடற்கரை, அதனால் பூஜ்யம். கிழக்கே கால்வாயைக் காவிரியோடு சேர்ப்பதாக வைத்தால், நொய்யல் காவிரியில் சேரும் இடம் ஏறக்குறைய 125 மீட்டர். ஆக மேற்கே 400 மீட்டர் ஏற்றம், கிழக்கே 275 மீட்டர் இறக்கம். படகை ஏற்றப் பழைய வழி லாக். ஒரு லாக்குக்கு 3 மீட்டர் உயரம் என்றால் மேற்கே 133, கிழக்கே 92, மொத்தம் 225 லாக். ஒன்றைக் கடக்கக் கால் மணி நேரம் ஆகும். படகு எங்கும் நிற்காமல் போனாலும் லாக்குகளுக்குள் மட்டும் 56 மணி நேரம் ஓடிவிடும்.

லாக் என்றால் இரண்டு பக்கமும் கதவு வைத்த கல் தொட்டி, அவ்வளவுதான். கீழேயிருந்து வரும் படகு உள்ளே நுழைந்ததும் கீழ்க்கதவை மூடி, மேல்பக்க மதகைத் திறக்க வேண்டும். தொட்டி நிறைய நிறையப் படகு எழும்பும். உள்ளேயும் மேல் கால்வாயிலும் மட்டம் ஒன்றானதும் மேல்கதவைத் திறந்து வெளியே விட வேண்டும். ஒவ்வொரு கதவும் இரட்டைக் கதவு. இரண்டும் நேர்கோட்டில் மூடாது. மேல்பக்கம் பார்த்த கூம்பாக, கை கூப்பியது போல மூடும். தண்ணீர் தள்ளத் தள்ள இரண்டும் ஒன்றையொன்று இறுக்கிக்கொள்ளும். மட்டம் ஒன்றாகாமல் யாராலும் திறக்க முடியாது. மதகை ஒரேயடியாகத் திறந்தால் படகு முன்னும் பின்னும் மோதும், கயிறு அறும். இறங்கும்போது இருக்கிற ஆபத்து இன்னும் மோசம். மேல்கதவின் அடியில் வாசற்படி மாதிரி ஒரு கல்மேடு உண்டு. தொட்டி வடியும்போது படகின் வால் அதன்மேல் உட்கார்ந்துவிட்டால் முன்பகுதி மட்டும் கீழே போகும். கவனிக்காமல் இரண்டு நிமிஷம் விட்டால் படகு மூக்கு குத்தி முழுகிவிடும்.

இனி தண்ணீர்க் கணக்கு. தொட்டி 30 மீட்டர் நீளம், 5 மீட்டர் அகலம், 3 மீட்டர் ஏற்றம் என்றால் ஒரு தடவைக்கு 450 கன மீட்டர், அதாவது நாலரை லட்சம் லிட்டர். இதைக் கேட்டதும் 225 லாக்கால் பெருக்கத் தோன்றும். பெருக்கக் கூடாது. உச்சி லாக்கில் விட்ட தண்ணீரே அடுத்த லாக்குக்கும், அதற்கடுத்ததற்கும் இறங்கிப் போகிறது. படிக்கட்டில் கொட்டிய ஒரு குடம் தண்ணீர் எல்லாப் படியையும் நனைப்பது மாதிரி. ஒரு படகு மலையைத் தாண்ட உச்சியிலிருந்து இந்தப் பக்கம் ஒரு தொட்டி, அந்தப் பக்கம் ஒரு தொட்டி போதும். ஆனால் எல்லா லாக்கும் ஒரே அளவாக இருக்க வேண்டும். நடுவில் ஒன்று மட்டும் 4 மீட்டர் என்றால் அது ஒவ்வொரு தடவையும் 600 கன மீட்டர் கேட்கும். மேலிருந்து வருவது 450. இடையில் உள்ள கால்வாய் நாளடைவில் வற்றிப் படகு தரை தட்டும்.

ஒரு நாளைக்கு 40 படகு என்றால் 36,000 கன மீட்டர். வருஷத்துக்கு 1.3 கோடி கன மீட்டர், நம் பேச்சில் 0.46 டிஎம்சி. பார்க்கச் சின்ன எண். ஆனால் இது உச்சியில் வேண்டும். கோவை மேட்டில் நின்றுகொண்டு யாரிடம் கேட்பது? பவானிசாகர் நிறைந்தாலும் நீர்மட்டம் கடல் மட்டத்திலிருந்து 280 மீட்டர்தான். ஆழியாறு அணையும் கோவையைவிடத் தாழ்வு. வாளையாறும் நொய்யலும் வருஷத்தில் பாதி மணல். சிறுவாணி குடிக்கவே பத்தவில்லை.

ஆகவே மலைமேல் படகு ஏற்றுவதில் படகு ஒரு பிரச்சினையே இல்லை. முதலில் மேலே ஏற வேண்டியது தண்ணீர்.

இதைச் சரியாகப் புரிந்துகொண்டவர் பிரான்ஸில் உப்பு வரி வசூல் குத்தகை எடுத்திருந்த பியேர்-போல் ரிகே. மத்தியதரைக் கடலையும் அட்லாண்டிக் பக்கத்தையும் இணைக்கும் 240 கி.மீ. கனால் டு மிடி 1666-ல் தொடங்கியது. பாதை எங்கே போகும் என்பது அவருக்கு முன்பே பலருக்குத் தெரியும். 189 மீட்டர் உயரத்தில் இருக்கும் நொரூஸ் மேட்டுக்குத் தண்ணீர் எங்கிருந்து வரும் என்பதுதான் யாருக்கும் தெரியாது. பக்கத்து மலை ஓடைகளை மட்டக் கால்வாய்களால் திருப்பி, சேன்ட் ஃபெரியோலில் 60 லட்சம் கன மீட்டருக்கு மேல் பிடிக்கும் அணை கட்டி, அங்கிருந்து உச்சிக்கு இறக்கினார். 1681-ல் கால்வாய் திறந்தபோது அவர் இல்லை, ஏழெட்டு மாதம் முன்பே இறந்துவிட்டார். மலைச்சரிவில் மட்டம் பிடித்துத் தண்ணீரைக் கொண்டுபோகிற வித்தை நமக்குப் புதிதல்ல. பரம்பிக்குளம் ஆழியாறு திட்டத்தில் சர்க்கார்பதியிலிருந்து திருமூர்த்தி அணைக்கு வரும் 49 கி.மீ. காண்டூர் கால்வாய் செய்வதும் இதே வேலைதான். காளிங்கராயன் வாய்க்கால் பாம்பு போன தடத்தில் வெட்டியது என்று சொல்வார்கள். மட்டம் தவறாமல் மேட்டைச் சுற்றி வளைந்து போகும் எந்த வாய்க்காலும் பாம்பு போன தடமாகத்தான் தெரியும்.

பனாமாவிலும் இதே கதை. மலையைக் குடைந்தது பெரிய சாதனை என்பார்கள். உண்மையில் அந்தக் கால்வாயின் உயிர் 26 மீட்டர் உயரத்தில் தேக்கிய கட்டூன் ஏரி. ஒரு கப்பல் கடக்க ஏறக்குறைய 19 கோடி லிட்டர் நல்ல தண்ணீர் கடலுக்குப் போகிறது. 2023-ல் மழை பொய்த்தது. தினமும் 36 கப்பல் போன இடத்தில் டிசம்பரில் 22 என்று குறைத்தார்கள். கதவு, மோட்டார், கான்கிரீட் எதிலும் பழுதில்லை. ஏரியில் தண்ணீர் இல்லை.

இவ்வளவு தண்ணீர் செலவில்லாமல் படகை ஏற்ற முடியாதா? முடியும். பழனி மலை விஞ்ச்சில் ஏறியவர்களுக்கு விளக்கவே வேண்டாம். படகைத் தண்டவாள வண்டியில் உட்கார வைத்துக் கயிறு கட்டிச் சரிவில் இழுப்பது. அமெரிக்காவின் மாரிஸ் கால்வாய் 1831-ல் இப்படி 23 சரிவுகளோடு திறந்தது. இழுக்கும் சக்கரத்தைச் சுழற்றியது மேல் கால்வாயிலிருந்து விழும் தண்ணீர். இதைப் போய்ப் பார்த்துவந்த கியோர்க் ஸ்டீன்கே, இன்று போலந்தில் இருக்கும் எல்பிளாங் கால்வாயில் அதையே செய்தார். 1860-லிருந்து ஓடுகிறது. பத்து கிலோமீட்டருக்குள் ஐந்து சரிவு, 100 மீட்டர் ஏற்றம். இன்றும் போனால் புல்வெளிமேல் படகு ஏறுவதைப் பார்க்கலாம்.

இதில் ஒரு சின்ன நுட்பம் இருக்கிறது. சரிவின் மேல்முனையில் தண்டவாளம் நேராகக் கால்வாய்க்குள் இறங்காது. தண்ணீர் மட்டத்துக்கு மேலே ஒரு திமில் மாதிரி ஏறி, பிறகு தண்ணீருக்குள் இறங்கும். அந்தத் திமில்தான் அணை. கதவே வேண்டாம், ஒரு சொட்டு வழியாது. ஆனால் திமிலைத் தாண்டும்போது படகின் முன்பகுதி கீழே சாய, பின்பகுதி இன்னும் மேலே ஏறிக்கொண்டிருக்கும். தண்ணீரில் மிதக்கும் மரப்படகுக்கு உடம்பு முழுக்கத் தாங்கல் உண்டு, வண்டிமேல் நடுமுதுகில் மட்டும்தான் தாங்கல். சரக்கோடு தாண்டினால் பலகை விரியும். அதனால் மாரிஸ் கால்வாய்ப் படகுகளை நடுவில் இரண்டாக வெட்டி, கீல் வைத்து முளை மாட்டினார்கள்.

இன்னொரு தொல்லை கயிறு. 1834-ல் பென்சில்வேனியாவில் அலெகெனி மலையைப் பத்துச் சரிவுகளில் தாண்டினார்கள். படகையே துண்டு துண்டாகப் பிரித்து வண்டியில் ஏற்றி அந்தப் பக்கம் கொண்டுபோய் மாட்டுவார்கள். சணல் வடம் நைந்து அறுந்துகொண்டே இருந்தது. அங்கே கம்பி வடத்தைக் கொண்டுவந்தவர் ஜான் ரோப்ளிங். புரூக்ளின் பாலத்தின் திட்டம் பிறகு அவரிடமிருந்தே வந்தது. வடம் சரியானது, ஆனால் 1854-ல் மலையைத் தாண்டி ரயில் வந்துவிட்டது.

கவலை ஏற்றம் பார்த்து வளர்ந்த தலைமுறை இன்னும் நம் ஊரில் கொஞ்சம் இருக்கிறது. கிணற்றோரச் சரிவில் மாடு இறங்கும், பறி மேலே வரும். மாட்டின் இழுவை பாதி, இறக்கத்தில் அதன் எடை பாதி. ஒரு பக்கம் இறங்கும் எடையை வைத்து மறுபக்கம் ஏற்றுவது என்ற அதே யோசனை எல்பிளாங்கில் வடத்தின் இரண்டு முனையிலும் ஒவ்வொரு வண்டியாக நிற்கிறது. ஒன்று இறங்கினால் மற்றது ஏறும். சக்கரம் கொடுக்க வேண்டியது வித்தியாசத்தையும் உராய்வையும் மட்டும்.

ஜப்பானில் பிவா ஏரியிலிருந்து கியோட்டோவுக்கு வந்த கால்வாயின் பொறியாளர் தானபே சாகுரோவும் மாரிஸ் கால்வாயைப் பார்க்கப் போனவர்தான். அங்கே பார்த்த சரிவைவிட, வேறிடத்தில் பார்த்த நீர்மின்சாரம் அவரை மாற்றிவிட்டது. கேயாகெ சரிவு 582 மீட்டர் நீளம், 36 மீட்டர் ஏற்றம். கால்வாய்த் தண்ணீரிலேயே 1891-ல் மின் நிலையம் ஓட்டி, அந்தக் கரண்டில் படகை இழுத்தார்கள். மிச்சக் கரண்ட் ஊருக்குப் போனது. கோவை மில்களுக்குப் பைக்காரா கரண்ட் வந்தது 1932-க்குப் பிறகு என்பதை வைத்துப் பார்த்தால் அது எவ்வளவு சீக்கிரம் என்று புரியும்.

படகு பெரிதானபோது வண்டியில் உட்கார வைப்பது ஆகவில்லை. தொட்டியில் தண்ணீரோடு சேர்த்தே தூக்க வேண்டியிருந்தது. கேட்டால் பைத்தியக்காரத்தனம். 300 டன் படகுக்காக 1,000 டன் தண்ணீரையும் தூக்குவதா? இங்கே ஒரு வசதி இருக்கிறது. ஓர் அண்டாவில் விளிம்பு வரை தண்ணீர் ஊற்றித் தராசில் வையுங்கள். அதில் ஒரு தேங்காயை மெதுவாக மிதக்க விடுங்கள். தேங்காயின் எடை அளவுக்குத் தண்ணீர் வழிந்து போகும், தராசு முள் அசையாது. படகும் அப்படித்தான். தொட்டிக்குள் படகு இருந்தாலும் இல்லாவிட்டாலும், பஞ்சு ஏற்றியிருந்தாலும் சிமெண்ட் ஏற்றியிருந்தாலும், நீர்மட்டம் ஒன்றாக இருக்கும்வரை எடை ஒன்றே. ஆக, எதிர்ப்பக்கம் அதே எடையில் இன்னொரு தொட்டியைத் தொங்கவிட்டால் எப்போதும் சமன். ஸ்காட்லாந்தின் ஃபால்கர்க் சக்கரம் இரண்டு தொட்டிகளோடு 24 மீட்டர் உயர அரைச்சுற்று சுற்ற ஒன்றரை யூனிட் கரண்ட் போதும். வீட்டு மோட்டார் ஒரு மணி நேரம் ஓடுவதற்கு ஆகும் செலவு.

இந்த வகையில் எனக்கு மிகவும் பிடித்தது கனடாவின் பீட்டர்பரோ லிஃப்ட், 1904-ல் திறந்தது. 20 மீட்டர் ஏற்றம். இரண்டு தொட்டியும் ஒவ்வொரு பெரிய பிஸ்டன்மேல் நிற்கின்றன, பிஸ்டன்களின் அடியில் தண்ணீர் ஒரே குழாயால் இணைந்திருக்கிறது. மேலே போன தொட்டியை மேல் கால்வாயைவிட 30 சென்டிமீட்டர் தாழ்வாக நிறுத்துவார்கள். கதவைத் திறந்ததும் 30 சென்டிமீட்டர் தண்ணீர் கூடுதலாக உள்ளே வரும். அது 130 டன். வால்வைத் திறந்தால் அந்த 130 டன்னே தன் தொட்டியை இறக்கி, மற்றதை மேலே தள்ளிவிடும். மோட்டாரும் இல்லை, பம்பும் இல்லை. எளிமைக்கும் விலை உண்டு. இதே யோசனையில் 1875-ல் இங்கிலாந்தின் ஆண்டர்டனில் கட்டிய லிஃப்டில், கால்வாயின் உப்புக் கலந்த தண்ணீர் பிஸ்டனை அரித்துக் குழி விழவைத்தது. 1908-ல் எல்லாவற்றையும் கழற்றி மோட்டாருக்கு மாற்ற வேண்டியதாயிற்று.

தொட்டியில் கசிவு வந்தால் என்ன ஆகும் என்று கேட்பது நியாயம். எடை குறைந்த தொட்டியை எதிர்எடை மேலே இழுத்துவிடும். சீனாவின் மூன்று பள்ளத்தாக்கு லிஃப்ட் 2016-லிருந்து 3,000 டன் கப்பலை 113 மீட்டர் தூக்குகிறது. தண்ணீரோடு தொட்டியின் எடை 15,500 டன். அங்கே கயிற்றை மட்டும் நம்பவில்லை. பல்சக்கரம் பல்தண்டவாளத்தில் ஏறுகிறது, பக்கத்திலேயே திருகு ஒன்று மரைக்குள் தொடாமல் கூடவே சுழன்று வருகிறது. சமன் தவறினால் திருகு மரையில் உட்கார்ந்துகொள்ளும். நம் குன்னூர் ரயிலின் பல்சக்கரத்துக்குத் தூரத்து உறவு.

ஆகாமல் போனவற்றில் ஒன்றிரண்டு. இங்கிலாந்தின் ஃபாக்ஸ்டன் சரிவு 1900-ல் திறந்து 1911-ல் நின்றது. படகு வந்தாலும் வராவிட்டாலும் பாய்லரை எரிய வைத்திருக்க வேண்டும், படகோ கொஞ்சம்தான் வந்தது. பிரான்ஸில் மோன்டெக் நீர்ச்சரிவு 1974-ல் வந்தது. 3 சதவீதச் சரிவில் கான்கிரீட் வாய்க்கால், இரண்டு டீசல் இன்ஜின்கள் ஒரு பலகையை வைத்துத் தண்ணீரையே ஆப்பு மாதிரி தள்ளும், படகு அந்த ஆப்பில் மிதந்தபடி ஏறும். பார்க்க அழகு. 443 மீட்டர் தள்ளி ஏறும் உயரம் 13 மீட்டர் சொச்சம். பலகையின் ஓரத்து ரப்பரும் இன்ஜினும் வைக்கும் வேலையை லாக் கதவு வைக்காது. 2009-ல் நிறுத்திவிட்டார்கள்.

இவற்றுக்கெல்லாம் தாத்தா பியெத்ரோ கமினாடா. மிலானில் பிறந்து, ரியோ டி ஜெனீரோவில் பழைய நீர்ப்பாலத்தின்மேல் டிராம் விட்ட வேலையில் இருந்து, இத்தாலிக்குத் திரும்பி 1907-ல் ஒரு திட்டம் வைத்தார். ஜெனோவா துறைமுகத்திலிருந்து ஆல்ப்ஸைத் தாண்டிக் கான்ஸ்டன்ஸ் ஏரிக்கு, ஏறக்குறைய 600 கி.மீ. ஸ்ப்ளூகன் கணவாயின் அடியில் 1,200 மீட்டர் உயரத்தில் 15 கி.மீ. சுரங்கம். ஏறுவதற்குச் சாய்ந்த குழாய்கள். குழாயே ஒரு லாக். மேலிருந்து தண்ணீர் விட்டால் உள்ளே இருக்கும் படகு எழும்பிக்கொண்டே முன்னாலும் நகரும். இரண்டு குழாய் பக்கத்தில் பக்கத்தில். ஒன்றில் இறங்கும் தண்ணீர் மற்றதில் ஏறும்.

காகிதத்தில் மயக்கும் யோசனை. கொஞ்சம் கணக்குப் போட்டால் சிக்கல் தெரியும். சாய்ந்த குழாய்க்குள்ளும் தண்ணீர் மட்டமாகத்தான் நிற்கும். படகு மிதக்க அந்த மட்டம் படகைவிட நீளமாக இருக்க வேண்டும். 9 மீட்டர் விட்டமுள்ள குழாயில் 60 மீட்டர் நீளத்துக்குத் தண்ணீர் விரிய வேண்டுமானால், குழாயின் நீளத்தில் ஏழு மீட்டருக்கு ஒரு மீட்டருக்குமேல் ஏற்றம் வைக்க முடியாது. ஒரு மீட்டர் எழும்பச் சாதாரண லாக்குக்கு எவ்வளவு தண்ணீரோ, அவ்வளவும் இதற்கும் வேண்டும். ஜோடிக் குழாயால் மிச்சமாவது பாதி. அந்த மிச்சத்தைச் சாதாரண லாக்கின் பக்கத்தில் இரண்டு குளம் வெட்டியே பெற்றுவிடலாம். உச்சித் தண்ணீருக்கு மட்டும் அவர் கவலைப்பட்டிருக்க வேண்டியதில்லை. மேலே ஆல்ப்ஸ் பனி உருகிக்கொண்டே இருந்தது.

கமினாடாவின் கனவுக்கு நிஜத்தில் பக்கத்தில் வந்தது ஜெர்மனியின் ரைன்-மைன்-டான்யூப் கால்வாய். 1992-ல் முடிந்தது. அதன் உச்சி 406 மீட்டர், கிட்டத்தட்ட நம் கோவை உயரம். 171 கி.மீ.க்கு 16 லாக் மட்டும், பெரியவை 25 மீட்டர் ஏற்றம். பல லாக்குகளின் பக்கத்தில் படிப்படியாகக் குளங்கள். வடியும் தண்ணீரை அவற்றில் பிடித்து வைத்து அடுத்த தடவை தொட்டிக்கே திருப்பி விடுவார்கள், 60 சதவீதம் மிச்சம். மீதியை டான்யூப் பக்கமிருந்து பம்ப் செய்து உச்சிக்கு ஏற்றுகிறார்கள்.

ஆகவே காட்டன் வழியை இன்று கட்டினால் லாக்கே வேண்டாம். 100 மீட்டர் லிஃப்ட் மேற்கே நாலு, கிழக்கே மூன்று. அந்த 0.46 டிஎம்சி கணக்கிலிருந்து போய்விடும். போகாதது கசிவு. உச்சியில் 40 கி.மீ. மட்டக் கால்வாய், நனையும் சுற்று 14 மீட்டர் என்றால் 5.6 லட்சம் சதுர மீட்டர். சாதாரண மண்ணில் பத்து லட்சம் சதுர மீட்டருக்கு வினாடிக்கு 2 கன மீட்டர் கசியும் என்பது வாய்க்கால் பொறியாளர்களின் கைக்கணக்கு. அந்தக் கணக்கில் வினாடிக்கு ஏறக்குறைய 40 கனஅடி, வருஷத்துக்கு 1.25 டிஎம்சி. வெயிலில் ஆவியாவது இதில் முப்பதில் ஒரு பங்குகூட வராது. படகு குடித்ததைவிட மண் குடிப்பது இரண்டரை மடங்குக்கு மேல். அத்திக்கடவு-அவினாசித் திட்டத்தில் ஆறு பம்ப் ஸ்டேஷன் வைத்து, ஆயிரத்துச் சொச்சம் கிலோமீட்டர் குழாய் பதித்து, 1,045 குளம் குட்டைக்கு ஏற்றுவதே 1.5 டிஎம்சி. அதற்கு இந்தப் பக்கத்துக்காரர்கள் அரை நூற்றாண்டுக்கு மேல் கேட்டுக்கொண்டே இருந்தார்கள். 58 வேகன் கூட்ஸ் ஒன்று மூவாயிரம் டன்னுக்கு மேல் சுமந்து அதே கணவாயில் போய்க்கொண்டிருக்கும்போது, படகுக்கு அவ்வளவு தண்ணீரை யார் கொடுப்பார்கள்?

கான்கிரீட் போட்டால் கசிவு நிற்கும் என்பார்கள். நிற்கும், பெரும்பகுதி. ஆனால் இதை ஈரோட்டுப் பக்கம் சொல்லிப் பாருங்கள். 200 கி.மீ. கீழ்பவானி வாய்க்காலுக்குக் கான்கிரீட் என்று அரசு சொன்னதும் ஒரே ஆயக்கட்டு இரண்டாகப் பிரிந்தது. கடைமடைக்காரர், தண்ணீர் வந்தால் போதும், போடுங்கள் என்றார். வாய்க்காலுக்குக் கீழ்ப்பக்கம் தென்னையும் மஞ்சளும் வைத்திருப்பவர் மறித்தார். கரை தாண்டிக் கசிவதை யாரும் அவருக்குப் பங்கு எழுதிக் கொடுக்கவில்லை. ஆனால் வாய்க்காலில் தண்ணீர் விட்ட சில நாளில் அவர் கிணற்றில் இரண்டு படி முழுகும், நிறுத்திய பிறகும் கோடை பாதி வரை மோட்டார் ஓடும்.

படகுக் கால்வாய் உச்சியில் ஓடுவது. அதற்கு இரண்டு பக்கமும் கீழ்ப்பக்கம்தான்.